சாவி வேறு, ஆதாரம் வேறு

பத்திரம் எழுதுகிறவனுக்குப் பொறுமை அதிகம் என்று நினைப்பவர்கள் இதுவரை ஒரு ஃப்ளாட்கூட வாங்காதவர்கள். வாங்கி நொந்தவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக்கு ஃப்ளாட் வந்தது, எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது.

ஃபோட்டோ சரியில்லை

அருளப்பனும் அவர் மனைவி செல்வமேரியும் இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைச் சீக்கிரமே காலி செய்தாக வேண்டும். மலைக்குளிர் மூட்டுக்கு ஆகவில்லை என்று, இருந்த சேமிப்பையெல்லாம் பாலக்காட்டில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் போட்டிருந்தார்கள். அது கைக்கு வராவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை விவசாயியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? "உங்க ஆதாரம் எழுதியாச்சுங்க, வந்து பாருங்க" என்று ஃபோனில் சொன்னேன். அருளப்பன் சொன்னார்: "ஆதாரு எங்கிட்ட ஏற்கெனவே இருக்குய்யா. ஃபோட்டோதான் சரியா விழல."

பிரிபடாத பங்கு

நேரில் வந்ததும் வாசித்துக் காட்டினேன். வீடு உங்களுக்கு, நிலத்தில் பிரிபடாத பங்கு. "எங்க பங்கு எந்தப் பக்கம் வருது?" என்றார் செல்வமேரி. ஒரு முருங்கை வைக்கணுமாம். நிலம் எல்லோருக்கும் பொது, இதுதான் உங்களது என்று தனியாக வெட்டிக் காட்ட முடியாது என்று தொண்டை வறள விளக்கினேன். அவர் தலையாட்டினார்: "எஸ்டேட்லயும் இதத்தான்யா சொன்னாக. எல்லாம் நம்மதுதான், முருங்கை மட்டும் வைக்கக் கூடாது."

மேனேஜரின் சட்டம்

குடியேறலாம் என்ற நகராட்சிச் சான்று இன்னும் வரவில்லை; அது வராமல் பதிவும் கிடையாது. பில்டரின் மேனேஜர் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார். "சாரே, இவங்க முதல்ல கேறித் தாமசிக்கட்டும். ஆதாரம் பதுக்கெ மதி." முதலில் குடியேறட்டுமாம், பத்திரம் மெதுவாக வந்தால் போதுமாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் காலத்தில் இப்படிச் சாவியைக் கொடுத்துவிட்டு மறைந்துபோன பில்டர்களால்தானே ரியல் எஸ்டேட்டுக்கென்று புதுச் சட்டமே வந்தது! ஆனால் வீடில்லாமல் நிற்பவர்களிடம் சட்டம் பேசி என்ன பயன், சாவியை வாங்கிவிடுவார்கள் என்றுதான் பயந்தேன். அருளப்பன் கையை நீட்டவே இல்லை. "லயத்து வீட்டுச் சாவியும் எங்ககிட்ட எப்பவும்தான்யா இருந்துச்சு. அதத்தான இப்பத் திருப்பிக் கேக்குறாக."

கையெழுத்துக்கு அப்புறம்

ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். உடனே மேனேஜருக்கு நகராட்சிக்குப் போக வழி தெரிந்துவிட்டது. சான்று வந்தது, பதிவும் முடிந்தது.

பதிவு அலுவலகப் படியிறங்கும்போது செல்வமேரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். எத்தனை கேள்விதான் கேட்பார்கள் என்று எரிச்சலோடு திரும்பினேன். "இங்க காலி பண்ணச் சொல்றது யாருய்யா?"

"யாரும் சொல்ல முடியாதுங்கம்மா" என்றேன்.

"யாருமேவா?"

பிரிவு, உட்பிரிவு என்று இத்தனை எழுதிய சட்டத்தில் அந்தக் கேள்விக்கு நேராக ஒரு வரி பதில் எழுத யாருக்கும் தோன்றாததால்தான், வாயால் இரண்டு தடவை சொல்வதற்கென்று என்னை மாதிரி ஒரு முன்கோபி இந்தத் தொழிலில் தேவைப்படுகிறான்.