மாட்டுத் தரகனும் மூணு வேளை மாத்திரையும்

மாட்டுத் தரகனுக்குக் கைமுதல் ரெண்டே ரெண்டுதான்: தோளில் ஒரு துண்டு, நெஞ்சு நிறைய மூச்சு. எனக்குத் துண்டு இன்னும் இருக்கிறது. மூச்சில்தான் துண்டு விழுந்துவிட்டது.

தொண்ணூறுகளில் திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய், அடி வாங்கி, ஏச்சு வாங்கி, நாலு பேரிடம் ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே தொழிலைக் கற்றுக்கொண்டு தரகன் ஆனவன் நான். கோபம் மட்டும் யாரும் கற்றுக் கொடுக்காமலே வந்தது. சந்தையில் நான் ஒரு சத்தம் போட்டால் அந்தக் கோடியில் கட்டியிருக்கும் மாடு கயிற்றை இழுக்கும்! அப்பேர்ப்பட்ட எனக்கு ஐம்பதைத் தாண்டியதும் ஒரு வறட்டு இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கத் தழும்பு. புண்ணே வராமல் தழும்பு எப்படி வரும் என்று கேட்டால், "சில பேருக்குக் காரணமே தெரியாதுங்க ஐயா" என்றார்கள். அதற்கு மூணு வேளையும் மாத்திரை.

இதைப் படிக்கிற உங்கள் சட்டைப் பையிலும் ஒரு மாத்திரை டப்பா குலுங்குகிறதா? அப்படியானால் உட்காருங்கள், மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நாமெல்லாம் ஒரே கொட்டகையில் கட்டிய மாடுகள்.

படியாத பேரம்

விழுப்புரத்தில் நெஞ்சு நோய்க்குப் பார்க்கும் டாக்டரம்மா சின்ன வயசு. குரல் மெலிசு. எளிதில் மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். "இந்த மாத்திரை தழும்ப எடுக்காதுங்க ஐயா. மேல மேல பரவுறத மெதுவாக்கும். கேட்டுச்சுன்னா நீங்க சந்தைக்குப் போய் வரலாம். கேக்கலன்னா நாலு அடி வெச்சாலே மூச்சு வாங்கும், வீட்டோட இருக்க வேண்டியதுதான்" என்றார். வீட்டோடு நானா? ஒரே மாசத்தில் என் பெண்சாதி ஸ்டெல்லாவே கயிறு கட்டி என்னைச் சந்தைக்கு ஓட்டிவந்துவிடுவாள்.

பேரத்தை ஆரம்பித்தேன். முழுசாக் குணமாக வேண்டாம், பாதி? இல்லை என்றார். கால்? அதுவும் இல்லை. மூணு வேளைக்கு ரெண்டு வேளை? கூடாது. சரி, கடைசி ஆயுதம். எந்தச் சந்தையிலும் தோற்காத ஆயுதம். "அப்போ எனக்கு வேணாம்மா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், கூப்பிட்டே ஆகவேண்டும்! மெதுவாகத்தான் நடந்தேன். கதவைக்கூடத் தொட்டுவிட்டேன். அப்போது அந்த மெலிசுக் குரல் கேட்டது: "சிஸ்டர், அடுத்து யாரு? வரச் சொல்லுங்க."

மாட்டு வாயும் என் வயிறும்

மாத்திரைச் சீட்டை ஸ்டெல்லாதான் உள்ளே போய் வாங்கிவந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போடவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள், பால்காரருக்கும் சொன்னாள். சந்தைக்குப் போகிறவனுக்கு விடியும் முன்னே ஏது சாப்பாடு? ஒரு டீ, ரெண்டு பொறை. அது போதும் என்று மாத்திரையை முழுங்கிவிட்டு வேலையில் இறங்கினேன்.

கண்டாச்சிபுரத்துப் பக்கத்து அம்மா ஒருத்தர் ரெண்டாம் ஈத்துக் கறவை மாடு ஒன்றை ஓட்டிவந்திருந்தார். லட்சணமான மாடு. வாங்க வந்தவர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். நான் மாட்டின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கக் குனிந்தேன். அவ்வளவுதான், அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. மாட்டின் காலடியிலேயே எல்லாம் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் நாலு பேரில் ஒருத்தரையும் காணோம்! தரகனே வாய் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்தான், மாட்டுக்கு உள்ளே ஏதோ கோளாறு என்று சந்தை முழுக்கப் பரவிவிட்டது. அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என் மாட்டு வாயப் பாத்து வாந்தி எடுத்துட்ட இல்ல? இனிமே எவன் இத வாங்குவான்? நீயே ஓட்டிக்கினு போய்யா!"

துண்டுக்குள்ளே

அன்றிலிருந்து கேப்பைக் களியோ பழைய சோறோ, வயிறு முட்டச் சாப்பிடாமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை. அடுத்த வம்பு வெயில். இந்த மாத்திரை போடுகிறவன் மேல் வெயில் படக்கூடாதாம், தோல் சிவந்து எரியுமாம். மாட்டுத் தரகனை வெயிலில் நிற்காதே என்பது மீனவனைக் கடல் பக்கம் போகாதே என்பது மாதிரி. முழுக்கைச் சட்டை, குடை, முகத்துக்கு வெள்ளையாக ஒரு களிம்பு. போதாததற்கு என் மகள் ஸ்கூட்டருக்குப் போடும் கையுறை, பூப்போட்டது.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துக் காட்டுவோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கெடாரிலிருந்து மாடு விற்க வந்த பெரியவர் துண்டுக்குள் என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். விரலுக்குப் பத்தாயிரம். அவர் பிடித்தது மூன்று. கையுறை வழியாக எனக்கு உறைத்தது நான்கு. நாலுக்குக் கேட்கிறாரே, அநியாயம் என்று வாங்குகிறவரிடம் போய், குடையைச் சுழற்றி, தொண்டை வற்றப் பேசி, மூணரைக்குச் சம்மதிக்க வைத்தேன். இவ்வளவுதான் முடிந்தது, அடிக்காதீர்கள் என்று பயந்துகொண்டே பெரியவரிடம் திரும்பிவந்து சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேட்டதற்கு மேலே வாங்கித் தரும் தரகனை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை!

விஷயம் வெளியே வந்ததும் வாங்குகிறவர் என் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஆடிய ஆட்டத்தை விடுங்கள். என் கூட்டாளி கோட்டக்குப்பம் ஜாபர் பாய்தான் இடையில் புகுந்து, பெரியவர் கேட்ட மூணுக்கே முடித்து, கயிறு மாற்றி மாட்டை ஒப்படைத்தார். நான் டாக்டரம்மாவையும் மாத்திரையையும் வெயிலையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துத் தூக்கினார். "யோவ் லூர்து, துண்டுக்குள்ள இன்னாய்யா வெயிலு அடிக்குது? கைய உள்ள விடும்போது கழட்டித் தொலையேன்!"

வாடகை வாய்

கோபம் வந்தால் கத்துவேன். கத்தினால் இருமல். இருமல் வந்தால் எதிராளி, "பாவம், முடியாதவரு" என்பான். அதைக் கேட்டால் இன்னும் கோபம். இந்தச் செக்குமாட்டுச் சுற்றிலிருந்து பாய்தான் வழி கண்டுபிடித்தார். திட்டவேண்டியதை நான் அவர் காதில் சொல்வேன், அவர் உரக்கச் சொல்வார்.

பிரமாதமாக ஓடியது! நான் காதில் போடுவேன், பாய் கை நீட்டிப் பேசுவார், பேரம் படியும். நான் கத்திய காலத்தைவிட அதிகம் படிந்தது. என் வசவுக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே பெருமை. ஒருநாள் டீக்கடையில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். பாய் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னதுல ஒண்ணுகூட நான் சொல்லல லூர்து. 'அண்ணன் உங்க மேல ரொம்ப மரியாதை வெச்சிருக்காரு'ன்னுதான் சொல்லிக்கினு இருக்கேன்."

சூரியன் விழுவதற்குள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் எப்போதும் உட்காருபவர் செஞ்சிப் பக்கத்து மளிகைக்கடை நயினார். ஜைனர். அவருக்கும் இதே தழும்பு, இதே மாத்திரை. அவர் வழக்கத்தில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை. சாப்பிடாமல் மாத்திரை போடக்கூடாது. ஆக ராத்திரி மாத்திரையை அவர் போடுவதே இல்லை! டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், "அவங்க சொன்னத நான் மாத்தச் சொல்லக்கூடாதுங்களே" என்கிறார், புன்னகையோடு.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒரு மனுஷன் தன் மூச்சையே மரியாதைக்கு விட்டுக்கொடுப்பானா? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தேன். "அம்மா, எனக்குத்தான் ஒண்ணும் கொறைக்கல. இவருக்கு மூணு வேளையும் வெளிச்சம் இருக்கும்போதே முடியணும், ஒரு வழி சொல்லுங்க" என்றேன், இருமலுக்கு நடுவே. நான் ஏதோ பெரிய சண்டைக்குத் தயாராக நின்றால், டாக்டரம்மா நயினாரைப் பார்த்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்று சொல்லி, அவர் சாப்பிடுகிற நேரங்களைக் கேட்டு, அதற்கேற்ப மாத்திரையைப் பிரித்து எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "இதுக்குத் தரகு எவ்ளோங்க எடுத்துப்பீங்க?"

நடக்க விட்டுப் பார்த்தார்கள்

மாட்டை வாங்குமுன் நடக்க விட்டுப் பார்ப்போம். கால் இழுக்கிறதா, இரைக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியிலும் அதே கதை! விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் பின்னாலேயே வந்தது. நோயாளிகள் எல்லாம் ரெண்டு பக்கமும் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். எத்தனை மாட்டை இப்படி ஓட்டியிருப்பேன்! நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சு விட்டு, விலை போகிற மாடு மாதிரி நடந்தேன். மூன்றாம் சுற்றில் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்து பல்லப் புடிச்சுப் பாப்பீங்களா?" என்று மூச்சுவிட முடியாமல் கேட்டேன். அந்தப் பெண் கிளிப்பைக் கழற்றிக்கொண்டே சிரிக்காமல் சொன்னது: "வேணாங்கய்யா, இரைக்கிறத மறைச்சு ஓட்ற மாடுன்னு இப்பவே தெரிஞ்சிடுச்சு."

வேண்டாதது வேண்டியதானபோது

ரத்தப் பரிசோதனையில், மாத்திரை தாங்காமல் ஈரல் கோபித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "மாத்திரைய நிறுத்திடுங்க" என்றார் டாக்டரம்மா. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வாந்தி இல்லை, குடை இல்லை, பூப்போட்ட கையுறை இல்லை! ஆனால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மாத்திரை நின்றால் தழும்பு நிற்குமா? ஓடுமே! நான் யாரிடம் போய் ஒரு வேளை குறையுங்கள் என்று பேரம் பேசினேனோ, அவரிடமே, "ஒரே ஒரு வேளைம்மா, ராத்திரிக்கு மட்டும்" என்று கெஞ்சினேன். "ஒண்ணுகூட இல்லீங்க. ஈரல் சரியாவட்டும், பாப்போம்" என்றார். இந்தத் தடவை நான் வாசலுக்கு நடந்து காட்டவில்லை.

அந்த வாரங்களில் எனக்கு லேகியம் கொடுக்க வராதவர்கள் இல்லை. ஸ்டெல்லா எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி, அவர்கள் தெரு திரும்புவதற்குள் சாக்கடையில் ஊற்றினாள். சந்தைக்குப் போய் மாட்டு வண்டி நுகத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருமல் வரும்போதெல்லாம் இது புது இருமலா, பழைய இருமலா என்று யோசனை. ஒரு காளைக்கு நல்ல பேரம் நடந்துகொண்டிருந்தது, நான் வாயே திறக்கவில்லை. பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "திட்டுய்யா. ஏதாவது திட்டு. நீ இப்பிடி மரியாதையா இருக்கறதப் பாத்தா எனக்குப் பேஜாரா இருக்குது."

ஊதியது

ஈரல் இறங்கிவந்தது. மாத்திரை திரும்பியது, கொஞ்சம் குறைந்த அளவில். முதல் மாத்திரையை மல்லாட்டைக் கடலை போட்டுக் கிண்டிய சோற்றோடு முழுங்கியபோது, விரோதியாக இருந்த சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சில மாசம் கழித்து, நுரையீரல் பலத்தைப் பார்க்க மறுபடி குழாயில் ஊதும் பரிசோதனை. அதில்தான் முடிவு தெரியும்: சந்தையா, வீடா. மூக்கில் கிளிப் போட்டு, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்!" என்று அந்த நர்ஸ் பெண் கத்தியது. என்னைப் பார்த்துக் கத்த ஒரு ஆள்! கண்ணில் தண்ணீர் வர, அடிவயிறு முதுகில் ஒட்ட ஊதினேன்.

டாக்டரம்மா பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஸ்டெல்லா ஜெபமாலையை இறுக்கிக்கொண்டாள். "போன தடவை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குங்க ஐயா. கொறையல. சந்தைக்குப் போங்க, குடையோட" என்றார். கொறையல! நான் போட்ட கூச்சலில் வெளியே நயினார் எழுந்து நின்றுவிட்டார். இருமிக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்தேன், இருமிக்கொண்டே கடைக்கு ஓடினேன், ஓட முடியாமல் நடந்தேன், கூடை நிறைய லட்டு வாங்கி மறுநாள் சந்தையில் தரகர், வாங்குகிறவர், விற்கிறவர், என்னை வாந்திக்காரன் என்று இன்னும் கூப்பிடும் கண்டாச்சிபுரத்து அம்மா எல்லாருக்கும் கொடுத்தேன்.

பாய் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு விவரம் முழுசும் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். "ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல, இருந்தது இருந்தாப்புலயே இருக்குது. இதுக்காய்யா ஊரக் கூட்டி லட்டு குடுக்குற?"

ஆமாம், வாங்கின விலைக்கே விற்றுவிட்டு லட்டு கொடுத்த தரகன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான்.