முடிச்சூருக்கு அப்பால், பன்றிகளுக்குத் தடுப்பூசி போடும் பண்ணை

போன சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சிட்லபாக்கத்திலிருந்து கிளம்பினேன். கல்லூரியில் என்னோடு நுண்ணுயிரியல் படித்த ஸ்டெல்லா, பன்றிகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் ஆய்வில் இருக்கிறாள். உதவிக்கு ஆள் வேண்டுமாம். "வந்து பாரு. ஆனா பதில் அன்னிக்கே சொல்லிடணும்" என்று போனில் சொல்லியிருந்தாள். ஒன்றரை வயது மகளை விட்டுவிட்டு ஒரு முழுப்பகல் நான் எங்கும் போனதில்லை.

"பாப்பாவுக்கு ஊசி போட்டப்ப அவளுக்கு முன்னாடி அழுதவ நீ" என்றார் கணவர். "பன்னிக்கு எப்படிப் போடுவ?"

சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே தாம்பரம். மேற்குப் பக்கம் இறங்கி முடிச்சூருக்குப் பஸ், இரண்டு ரூபாய். அங்கிருந்து ஆட்டோ, இருபது.

"பன்னிப் பண்ணைக்கா? கறி வாங்கினு வரப் போறியாக்கா?"

"கறி இல்லண்ணா. அங்க பன்னிக்கு ஊசி போடறாங்க."

"அய்ய, எனக்கே ஊசின்னா பேஜாரு. பன்னி இன்னா பாவம் பண்ணிச்சு!"

வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு. ரப்பர் பூட்ஸோடு அதில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். அந்த பூட்ஸ்கூட ஸ்டெல்லாவுக்கு அழகாக இருந்தது. எனக்கு வயிறெரிந்தது. சினைப் பன்றி ஒன்றைப் பலகையால் சுவரோடு ஒதுக்கி, காதுக்குப் பின்னால் ஊசி போட்டாள். அது கத்தி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சால்மோனெல்லா என்கிற கிருமி குடலில் இருந்தும் பன்றி நன்றாகவே இருக்குமாம். சாணத்தோடு வெளியே வரும் கிருமி, வெட்டும்போது கறியில் ஒட்டி நம் அடுப்படி வரை வந்துவிடும். தாய்க்கு ஊசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும். பிறகு சாணம் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

"கிருமி கொறையுதா?"

"கொறையற மாதிரி இருக்கு. அடிச்சுச் சொல்ல இன்னும் நாளாகும்."

போன மாதம் வயிற்றுப்போக்கில் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கொதிக்க வைக்காத தண்ணீரை அவளுக்குக் கொடுத்ததே இல்லை நான். இங்கே இந்தப் பன்றி படுத்த இடத்திலிருந்தே குட்டிகளைக் காப்பாற்றப் போகிறது. அதன்மேலும் பொறாமை வந்தது.

"என்னடி சொல்ற?" என்றாள் ஸ்டெல்லா.

"கிருமிய வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்னா? பாப்பாவ யாரு பாத்துப்பா?"

"சரி விடு. சுதாவக் கேக்கறேன்."

சுதாவா! கல்லூரி ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்து வைத்துவிட்டு அரட்டை அடித்தவள் ஆயிற்றே.

"நான் வரேன்" என்றேன். ஸ்டெல்லா சிரித்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். குழந்தைகள் வேண்டாம். கிளம்பும்போது முழங்கை வரை சோப்புப் போடுங்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது, இரண்டு கிலோமீட்டர் நடை.

வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுத்தான் மகளைத் தூக்கினேன். அழவே இல்லையாம். என்னிடம் அரை இட்லிக்கு அடம்பிடிக்கிறவள், அவர் கையால் இரண்டு சாப்பிட்டாளாம்.

"இனிமே நானே ஊட்டறேன்" என்றார் பெருமையாக.

"திங்கக்கெழமையிலேர்ந்து" என்றேன். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. அது என்னோடது."