கோட்டின் அகலம்

ஒரு கோட்டின் அகலம் யாருக்குச் சொந்தம்? கோட்டுக்கு உள்ளே இருப்பதற்கா, வெளியே இருப்பவருக்கா? நகரத் திட்ட அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், அளவுகோலைத் துடைப்பதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் மறுபடி துடைப்பதுமாக நிற்கும் அந்த அம்மாளின் முப்பத்துநான்கு வருட வேலை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காதிலேயே அது தாமதமாகத்தான் விழுந்தது.

முகத்துக்கு நேரே 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'கோட்டம்மா'. நகரத்தில் எந்த ஏரியை, எந்தத் தோப்பை, எந்தப் பழைய கட்டடத்தைத் தொடக்கூடாது என்று காட்டும் வரைபடம் அவர் பொறுப்பு. இயற்கைக்குப் பச்சை, பழைய கட்டடங்களுக்குப் பழுப்பு. பென்சிலைக் கத்தியால்தான் சீவுவார். சீவிய பென்சிலைக் காதில் செருகிவிட்டு மேசை முழுக்கத் தேடுவார். எல்லைக் கல்லை நேரில் போய்த் தொடாமல் கையெழுத்துப் போடமாட்டார். திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பொறியாளர்களிடம், "நீங்க விரலால தேய்ச்சா நிலம் பெருசாயிடுமா? செருப்பை மாட்டுங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்பார்.

நல்லவர் என்று அவரை உடனே சொல்லிவிட முடியாது. சின்னப் பிழைக்கும் ஆளைக் குத்திக் கிழிப்பார். அதை மறக்கவும் மாட்டார். ஆனால் கத்தமாட்டார். "எனக்குக் கோவம் வந்தா குரல் ஏறாது, கையெழுத்து அழகாயிடும்" என்பது அவர் வாக்கு. அவரிடமிருந்து முத்து முத்தான எழுத்தில் குறிப்பு வந்தால் அலுவலகம் நடுங்கும்.

எல்லைக் கல்லைத் தொடும் வழக்கத்தை அவர் ஒரே ஒருமுறை கைவிட்டிருக்கிறார். பத்தொன்பது வருடங்களுக்கு முன், காகிதப் படங்களைக் கணினியில் ஏற்றிய சமயம். ஆறு மாதத்தில் நானூறு படங்கள் முடிய வேண்டும். வெளியே போக நேரமில்லை. நகரத்தின் தெற்கே உள்ள சதுப்பு நிலத்துக்குக் காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கறுப்பு எல்லை. தரையில் அது ஐந்து மீட்டர். 'கோட்டின் வெளி ஓரமே எல்லை' என்று படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நகலெடுத்துத் தந்த கம்பெனியின் இயந்திரம் அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டது. பச்சை எங்கே முடிகிறதோ அங்கே, அதாவது கோட்டின் உள் ஓரத்தில், அவர் சுட்டியை நகர்த்திக்கொண்டு போனார். ஆறு கிலோமீட்டர் சுற்றளவு. ஏழு ஏக்கருக்கு மேல் போயிற்று. ஒரு பிற்பகல் வேலை.

போன மாதம் அந்த ஐந்து மீட்டருக்குள் நின்ற பழைய கல் மதகை இயந்திரம் வைத்து இடித்தார்கள். சதுப்போடு சேர்ந்தே அதற்கும் காவல் உண்டு என்று நம்பி, யாரும் அதற்குத் தனியாகப் பழுப்பு பூசியிருக்கவில்லை. இடித்தவர்களிடம் முறையான அனுமதி இருந்தது. அனுமதி கொடுத்த அதிகாரி படத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. கோபத்தை யார் மேல் இறக்குவது என்று தெரியாமல் கோட்டம்மா அந்தக் கல் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பி வந்து, பரணிலிருந்து மூலப் படத்தை இறக்கி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். அப்போது தெரிந்தது.

அன்றே தன் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினார். முத்து முத்தான எழுத்து. மூன்று வாரம் அது கோப்பிலேயே தூங்கியது. இதற்கிடையே அதே தவறான எல்லையோடு புதிய படம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம். தருவதைப் பொதுக் கூட்டத்தில் வாசித்தே ஆக வேண்டும் என்பது விதி.

"படிவத்தை நான் குடுக்கறேன்க்கா" என்றாள் கூடவே குடியிருக்கும் தங்கை. "ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம். உன் பேரு எதுக்கு?"

"உனக்கு இது எப்படித் தெரியும்னு ஒரு கேள்வி இருக்கு அதுல. என்ன எழுதுவ?"

"கனவுல வந்துச்சுன்னு எழுதறேன். விடேன்!"

அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் தன் அலுவலகத்தின் கீழ்த்தளத்திலேயே பொதுமக்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று படிவத்தைக் கொடுத்தார். எண் நாற்பத்தொன்று. அந்தக் கேள்விக்கு எதிரே எழுதியிருந்தது இரண்டே சொல்: 'வரைந்தது நான்.'

அதிகாரி அலறியடித்துக்கொண்டு வந்தார். "என்ன மேடம், சொந்த வீட்டு மேலேயே கல்லெறியறீங்க?"

"மூணு வாரமா கதவைத் தட்டினேன் சார். தொறக்கலையே."

கூட்டத்தன்று அதிகாரி இறங்கி வந்தார். எல்லையை வெளி ஓரத்துக்கே தள்ளும் ஆணையைத் தயாராக வைத்திருந்தார். ஏழு ஏக்கரும் திரும்பிவிடும். "படத்தை நகலெடுத்துக் குடுத்த கம்பெனி தப்புன்னு போட்டுடலாம். அவங்க கடையைக் கட்டிட்டுப் போய்ப் பத்து வருஷமாச்சு. உங்களுக்கும் தொல்லையில்ல, எனக்கும் இல்ல. நீங்க அந்த நாற்பத்தொண்ணை மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க."

மேடையின் ஓரத்தில், படம் காட்டும் மேசையில் உட்கார்ந்தபடியே கோட்டம்மா ஆணையை இரண்டுமுறை படித்தார். அளவுகளைச் சரிபார்த்தார். எல்லாம் சரி. "கையெழுத்தாயிடுச்சா சார்?" என்று கேட்டு, அதிகாரியின் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்துக்கொண்டார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் வாபஸ் கடிதம், பேனாவோடு.

இதற்குப் பிறகு அவர் செய்ததற்கு என்ன காரணம் என்று தங்கை பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் பென்சில் சீவப் போய்விட்டார்.

"நாற்பத்தொன்று" என்று கூப்பிட்டார்கள். அவர் பேனாவைத் தொடாமல் எழுந்து, மேடையின் மூன்று படிகளையும் இறங்கினார். "மேடம், இங்கேருந்தே பேசலாமே!" என்று பின்னாலிருந்து அதிகாரியின் குரல் வந்தது. பொதுமக்கள் பக்கம் போய், ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தி, முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு பதவியைச் சொன்னார்.