சுவாமி காவும் தோளில் வந்த கட்டி

சென்ற வியாழக்கிழமை அண்ணையை யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குக் கூட்டிப்போனேன். இடது காறை எலும்புக்கு மேலிருந்த கட்டியை வெட்டி எடுத்துப் பதினொரு நாள். சத்திரசிகிச்சை முடிந்து தீவுக்குத் திரும்புகிறவர்களுக்கு உதவுமென்று இதை எழுதுகிறேன்.

அண்ணை திருவிழாவில் சுவாமியைத் தோளில் காவுகிறவர். சுவாமியைச் சுமக்கும் மரத்தண்டு அழுத்தித் தோள் வீங்குவது காவுகிற எல்லோருக்கும் உள்ளதுதான். இவருடைய கட்டியையும் தண்டின் தலையிலேயே கட்டிவிட்டோம். இரண்டு வருடம் நல்லெண்ணெய் பூசியே போனது. பூசச் சொன்னவர்களில் படித்த நானும் ஒருவன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஊசியால் எடுத்த துணுக்கில் எதுவும் தெளிவாகவில்லை. இது வீங்கிய நிணநீர்க்கணு, முழுவதையும் எடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். இரத்தக் குழாய்கள் மொய்த்திருந்ததால் மூன்று மணித்தியாலம் எடுத்தது. புற்றுநோய் இல்லை, நிணநீர்க்கணு அளவுக்கு மீறிப் பெருத்துப்போகும் ஓர் அரிய நோய் என்று அறிக்கை வந்தது. ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதே போதுமாம். பல இடங்களில் இருந்தால் கத்தியால் மட்டும் தீராதாம். அதைப் பார்க்க உடம்பு முழுக்க ஸ்கானும் எடுத்தார்கள்.

காலை 7.15 பஸ். வேலணை தாண்டியதும் தூக்கிப் போட்டது.

"டிரைவர் அண்ணை, கொஞ்சம் மெதுவாப் போங்கோ. கழுத்திலை ஒப்பரேசன் செய்த ஆள்" என்றேன் சாரதியிடம்.

"ஓம் தம்பி. நீர் அவரை முன்னுக்குக் கொண்டுவந்து இருத்தும்."

நல்ல யோசனை, பின்சீற் வேண்டவே வேண்டாம். 8.40க்குக் குறிகாட்டுவான் துறை. அங்கிருந்து படகில் இருபது நிமிடம். ஏற்றிவிடுகிறவர்கள் எட்டிய கையைப் பிடித்து இழுப்பார்கள், எந்தப் பக்கம் வெட்டு என்று முதலே சொல்லிவிடுங்கள்.

படகில் அண்ணை, "ஸ்கானிலை வேறை ஒண்டும் இல்லையெண்டதைத் திருப்பி வாசி" என்றார். மூன்று தரம் வாசித்தேன்.

நயினாதீவு இறங்குதுறையில் நேசன் நின்றான். அண்ணைக்குப் பின்னால் அதே தண்டைக் காவுகிறவன். அண்ணையின் மருந்துக் கட்டைப் பார்த்தவன் தன் சேட்டுப் பொத்தானைக் கழற்றினான்.

"எனக்கும் இதிலை ஒண்டு கிடக்குது அண்ணை. தண்டு வீக்கம்தானே?"

அண்ணை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். "எப்ப தொடக்கம்?"

"போன திருவிழாவோடை."

"தண்டு எட்டு மாசமாக் கோயிலிலை சும்மா கிடக்குது. உன்ரை வீக்கம் மட்டும் ஏன் வத்தேல்லை?"

படகு எப்போது திரும்பும் என்று கேட்டான் நேசன்.

காவுகிறவர்களுக்கு என் புத்தி இதுதான்: தண்டை இறக்கி ஒரு மாதத்திலும் வற்றாத வீக்கத்தை வைத்தியரிடம் காட்டுங்கள். நேசனுடையது என்னவென்று இன்னும் தெரியாது. அண்ணை தனியாகவே வீட்டுக்கு நடந்தார். நாங்கள் வந்த படகு 9.30க்குத் திரும்பியபோது, வைத்தியரிடம் காட்ட நேசனையும் ஏற்றிக்கொண்டு நானும் யாழ்ப்பாணம் திரும்பினேன்.