கழுவிய பின்னரே வண்ணம்

பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் சார்புகளின் சேர்க்கை என்னைக் கவிழ்த்தது. f(x) = 2x + 3, g(x) = x² எனக் கொடுத்து, f(g(2)) யாது என்று கேட்டிருந்தார்கள். முதலில் நிற்பது f என்பதால் அதற்கே முதல் மரியாதை செய்து ஏழைப் பெற்றேன். அதை வர்க்கமாக்கி நாற்பத்தொன்பது என்று எழுதினேன். அவ்வகைக் கணக்குகள் எல்லாவற்றிலும் அதே மரியாதையைத் தவறாமல் செய்திருந்தேன். விடுமுறைக்குப் பின் நடக்கும் மறுதேர்விலும் தோற்றால் கணிதப் பிரிவில் எனக்கு இடமில்லை என்றார் ஆசிரியை.

அந்த விடுமுறையில் ஆயுத பூசை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அப்பா வேலைசெய்த தொழிற்சாலை, ஆண்டில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடும். சந்தனம் பூசிய இயந்திரங்களைக் கடந்து அப்பா என்னைத் தம் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். இரும்புத் தகடுகள் அங்கே ஒரு தொட்டியில் கழுவப்பட்டு, பிறகு அப்பா வண்ணம் தெளிக்கும் அறைக்குள் போகும்.

“மொதல்ல பெயிண்ட் அடிச்சிட்டு, அப்பறமா கழுவுனா இன்னாப்பா?” என்று கேட்டேன்.

தொட்டியருகே நின்ற திருநெல்வேலி இளைஞர் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, பாப்பா நம்ம ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணப் போடப் பாக்கு!”

“அழுக்கு மேல அடிச்சா உரிஞ்சிக்கினு வந்துடும்மா,” என்றார் அப்பா. “போர்டுல பெயிண்ட் ஷாப்புன்னு எங்க பேருதான் கீது. ஆனா மொத வேலை இவனோடது. இவன் முடிச்சிக் குடுக்கிறதுதான் என் கைக்கு வரணும்.”

கையில் பொரிப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். வெளியே பெயர்ப்பலகையாய் நிற்பது f. உள்ளே முதலில் உழைப்பது g. இரண்டு உள்ளே போனால் நான்காகிறது. அந்த நான்குதான் f-இன் கைக்கு வருகிறது, பதினொன்றாகிறது.

மறுதேர்வில் முழு மதிப்பெண் பெற்றவள் நான் ஒருத்திதான். கரும்பலகையில் விளக்கச் சொன்னபோது சுண்ணக்கட்டி முறியும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

“யாருடீ சொல்லிக் குடுத்தாங்க?” என்றார் ஆசிரியை.

“நானேதான் கண்டுபுடிச்சேன் டீச்சர்.”

வீட்டிலும் அதையே சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. விடைத்தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தவர், “ஒரே ஒரு நாள் குடும்மா,” என்று கேட்டு, மறுநாள் விடியற்காலைப் பணிக்குப் போகையில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்.

மாலையில் தாள் திரும்பியது, நீலமும் சாம்பலுமாக விரல் தடங்களோடு.

“இன்னாப்பா இப்டி பண்ணிக்கினு வந்துகிற! டீச்சர்கிட்ட திருப்பிக் குடுக்கணும்பா!”

“ஷாப்புல எல்லாரையும் கைய தொடச்சிக்கினுதாம்மா பாக்கச் சொன்னேன்,” என்றார் அப்பா, குற்றவாளியைப் போல.

எனக்குச் சினம் ஆறவில்லை. அழிப்பானை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்குகளின் மேல் ஒரு கறையும் இல்லை. தாளின் தலைப்பில், என் பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் கீழே மட்டும், பெரிதும் சிறிதுமாய் ஐந்தாறு பேரின் விரல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அவை ஏன் அந்த ஓரிடத்தில் மட்டும் கூடியிருந்தன என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று விடாமல் தேய்த்து அழித்தேன்.