உள்ளங்கையில் தெரிந்த விளக்கு

எங்கள் கிறிஸ்தவக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையின் இடுப்பில் பதினான்கு சாவிகள் தொங்கும். ஒன்றில்கூட அடையாளச் சீட்டு இருக்காது. எந்தப் பூட்டு என்று சொன்னால் போதும், பேசிக்கொண்டே விரலால் தடவி அந்தச் சாவியை எடுத்து நீட்டுவார். நான் எலக்ட்ரீஷியன். என் பையில் டெஸ்டர் எந்த மூலையில் கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. அதனால் அவர் விரல்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. கெட்டிக்காரர் என்றுதான் நினைத்தேன். வேறு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அவர் எனக்கு மச்சான். என் அக்காவைக் கட்டியவர். முன்னால் கேட், கிரில் செய்கிற பட்டறையில் வெல்டராக இருந்தார். பட்டறையை இழுத்து மூடிய பிறகு கோயில் வேலைக்கு வந்தார், பன்னிரண்டு வருடம் ஆகிறது. கதவு திறக்கிறது, மணி அடிக்கிறது, பீடத்துத் துணி மாற்றுகிறது, கூட்டிப் பெருக்குகிறது எல்லாம் அவர்தான். நடுப்பாதையில் போகும்போது இரண்டு பக்கமும் பெஞ்சு முனைகளைத் தொட்டுக்கொண்டே போவார்.

"என்ன மச்சான், பெஞ்சு எதுவும் ஓடிப் போச்சான்னு எண்ணிக்கிட்டே போறீங்களா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"வீட்டுல உங்க அக்கா என்னை எண்ணிக்கிட்டு இருக்கா. இங்கயாச்சும் நான் எண்ணுறேன் மாப்ளே."

பதில் சொல்லாமல் விடமாட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லக்கூட இப்போது கூச்சமாக இருக்கிறது.

எல்லா வேலையிலும் அவருக்கு உயிர் அந்த விளக்குதான். ஆசீர்வதித்த அப்பம் வைக்கிற நற்கருணைப் பேழைக்கு முன்னால் சங்கிலியில் ஒரு சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம் தொங்கும். உள்ளே ஒரு சின்னக் கிண்ணியில் எண்ணெயும் திரியும். ஆண்டவர் இங்கே இருக்கிறார், நம்மேல் அவர் வைத்த அன்பு கண்மூடுவதில்லை என்பதற்கு அது அடையாளம். பகல் இரவு என்று இல்லாமல் எரிய வேண்டும். காலையில் முதல் வேலையாக மச்சான் கயிற்றைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்குவார். எண்ணெய் ஊற்றுவார், திரியைக் கிள்ளுவார், பிறகு வலது உள்ளங்கையைச் சுடருக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். "சுகமா இருக்கார்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவார். பக்தி கொஞ்சம் முற்றிப்போய்விட்டது என்று நான் சிரித்துக்கொள்வேன்.

கோயிலுக்கு வெள்ளை அடித்த வருடம், விளக்குக்கு மேலே கூரையில் புகைக்கறை படிந்துவிட்டது என்று கமிட்டிச் செயலாளர் ஆரம்பித்தார். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் செக்கர். கறை, தூசி, தாமதம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கம்பளத்தில் எண்ணெய்ச் சொட்டு விழுந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

நான் மார்தட்டிக்கொண்டு முன்னால் போனேன். "ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு போட்டுத் தர்றேன் ஃபாதர். கரண்டு போனாலும் உள்ள இருக்கிற பேட்டரியில எரியும். எண்ணெய் வேணாம், திரி வேணாம், மச்சானுக்கும் ஒரு வேலை மிச்சம்."

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சரி என்றார். மச்சான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அதுல சூடு இருக்குமா மாப்ளே?"

"சூடு எதுக்கு மச்சான்? குளிர் காயவா போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சங்கிலியை ஒட்டி ஒயரை இறக்கி, கிண்ணத்துக்குள் ஹோல்டர் வைத்து, பல்பைப் போட்டேன். நல்ல வேலைதான். ஒரு பழுது சொல்ல முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

"மாப்ளே, விளக்கு எரியுதான்னு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

போய்ப் பார்த்தால் ஜம்மென்று எரியும். அடுத்த வாரம் மறுபடியும். நான் ஏணிமேல் நிற்பேன், கையில் கரண்டு பாயும் ஒயர் இருக்கும், சட்டைப்பையில் போன் அலறும். "எரியுதா மாப்ளே?" மூன்று மாதம் இப்படி. மச்சான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அக்காவும் ஒருநாள் சொன்னாள். வயதாகிறது என்று நினைத்தேன். நான் என்ன நினைத்தாலும் அந்த மூன்று மாதமும் தப்பாகத்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கிளம்பிக்கொண்டு இருந்தேன். போன்.

"மாப்ளே, இங்க இப்ப கரண்டு போயிட்டு வந்துச்சு. விளக்கு..."

"மச்சான், உங்களுக்கு வேற வேலையே இல்லையா? கரண்டு போனாலும் எரியும்னு எத்தனை தடவை சொல்றது? இனிமே இதுக்காக எனக்குப் போன் பண்ணாதீங்க."

"சரி மாப்ளே" என்றார். வைத்துவிட்டார்.

பூசையில் நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிரசங்கமே ஒளியைப் பற்றித்தான். நாம் கேட்பதற்கு முன்னாலேயே நமக்காக ஏற்றி வைத்த விளக்கு மாதிரி ஆண்டவருடைய அன்பு, நாம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது எரிந்துகொண்டே இருக்கும் என்றார் ஃபாதர். சொல்லிவிட்டு, "நம்ம எலக்ட்ரீஷியன் புண்ணியத்துல நம்ம விளக்கும் இப்ப அணையுறதே இல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்போதுதான் கருகல் வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிவப்புக் கிண்ணத்திலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. ஒயர் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, பட்டென்று பொறி பறந்தது. டிரிப்பர் விழுந்து மைக், விசிறி, லைட்டு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. நான் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்த வேகத்தில் கிண்ணம் படிக்கட்டில் இடித்து உடைந்தது. உள்ளே என் பல்பு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் பக்கத்தில் பழைய எண்ணெய்க் கிண்ணி, எரிகிற திரியோடு. திரியை மிதித்து அணைத்தேன்.

மச்சான் பக்கவாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அக்காவைக் கட்டி இருபத்தெட்டு வருடம். அத்தனை வருடமும் அவரை "நீங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கோபத்தில்கூட அது மாறியதில்லை. அன்றைக்கு முந்நூறு பேர் முன்னால், மைக் இல்லாமலே கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"எரியிற விளக்குக்குப் பக்கத்துல இன்னொரு விளக்கை ஏத்தி வச்சிருக்கியே! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

மச்சான் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. எனக்கு இடது பக்கத்தில் இருந்த தூணை.

"சத்தம் போடாத மாப்ளே. அவரு இருக்காருல்ல" என்று தூணிடம் சொன்னார்.

பிறகு குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். துண்டுகள் எல்லாம் என் காலடியில் கிடந்தன. அவர் இரண்டு முழம் தள்ளி, ஒன்றுமே இல்லாத தரையைத் தடவிக்கொண்டு இருந்தார். தடவித் தடவி வந்து, கடைசியில் ஒரு துண்டு அவர் விரலைக் கிழித்தபோதுதான் எனக்கு விளங்கியது. முந்நூறு பேருக்கும் அதே நேரத்தில்தான் விளங்கியது. மூன்று வருடமாக ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததை ஊருக்கே நான் காட்டிக்கொடுத்திருந்தேன்.

பூசை உடுப்புகள் வைக்கிற அறையில் உட்கார வைத்து அக்கா அவர் விரலுக்குத் துணி சுற்றினாள். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தினமும் கோயில் கேட்டு வரைக்கும் நான் கூட வந்து விட்டுட்டுப் போவேன்டா" என்றாள். "யாரும் ஒரு வார்த்தை கேக்காம மூணு வருஷத்தை ஓட்டிட்டேன். ஊர் வாய்க்குத்தான் பயந்தேன். கூடப் பொறந்தவன் வாய்க்குப் பயப்படணும்னு தெரியாமப் போச்சு."

"விடு" என்றார் மச்சான். "அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கும் கண்ணுதான் வேணுமா? அவனுக்கு ரெண்டும் நல்லா இருக்கே!"

மச்சான் மெதுவாகச் சொன்னார். முதலில் வலது கண் போயிருக்கிறது. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பிறகு அதுவும் வெறும் பனி. கண்ணில் அழுத்தம், இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் தெரியாதவன் கையில் கோயிலை யார் கொடுப்பார்கள்? அதனால் சொல்லவில்லை.

"கடைசி வெளிச்சமும் போன அன்னிக்கு இங்கதான் வந்தேன் மாப்ளே. ஆண்டவர் என்னை விட்டுட்டாருன்னு சண்டை போடத்தான் வந்தேன். விளக்கை இறக்கி எண்ணெய் ஊத்தும்போது கையில சூடு பட்டுச்சு. அட, இருக்காரேன்னு இருந்துச்சு. ஃபாதர் ஒளி ஒளின்னு சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு என்ன தெரியுமோ, எனக்கு அந்தச் சூடுதான்."

துணி சுற்றிய விரலை அவர் மறு கையால் தடவிக்கொண்டார்.

"நீ பல்பு போட்டதுக்கு அப்புறம் கையை வச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. எரியுதுன்னு நீ சொல்ற. சரின்னு நம்புவேன். மறுநாள் கை வச்சா, மறுபடியும் சில்லுன்னு இருக்கும். இத்தனை நாளா எல்லாரையும் ஏமாத்துறேன்ல, அதான் ஆண்டவர் கையை எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். இன்னிக்குக் கரண்டு போனதும் பயந்துட்டேன். உன்னைக் கேட்டா திட்டுற. பூசை நேரத்துல அவரு இருட்டுல இருக்கக் கூடாதுல்ல?"

பல்பில் சூடு இருக்குமா என்று அவர் கேட்டபோது நான் சொன்ன ஜோக்கு ஞாபகம் வந்தது. சிரித்தவர்களில் அவரும் இருந்தது ஞாபகம் வந்தது. அந்த அறையில் ஓர் ஆள் உயரக் கண்ணாடி உண்டு. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானமே கமிட்டி கூடியது. ஏழு பேர். செக்கர் கெட்ட மனிதர் இல்லை, தழுதழுத்துத்தான் பேசினார். "பாவம்தான். நான் இல்லேங்கல. ஆனா கண்ணு தெரியாத ஆளு கையில நெருப்பைக் குடுத்துட்டு, நாளைக்குக் கோயிலே பத்திக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நான் எழுந்தேன். "தப்பு என்னோடதுங்க. ஒயரு மட்டம். தானா உருகிருச்சு."

"மாப்ளே" என்றார் மச்சான். "நான் மூணு வருஷமா மறைச்சது போதும். எனக்காக நீயும் ஆரம்பிக்காத."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சரியாக மேஜைக்கு நடுவில் வைத்தார். நான் உட்காரவில்லை.

"சரி, நெசத்தையே சொல்றேன்" என்றேன். "பன்னெண்டு வருஷமா இவரு திரி ஏத்துனாரு. அதுல மூணு வருஷம் கண்ணே இல்லாம ஏத்துனாரு. ஒரு நூல் கருகல. நான் ஒயரை உள்ள விட்டப்புறம்தான் கருகுச்சு. சாவியை எடுத்துக்கங்க. விளக்கை அவருக்கிட்டயே விடுங்க. எண்ணெய் விளக்காவே விடுங்க."

அதற்கு மேல் இன்னொன்றும் சொல்ல வாயெடுத்தேன். காலையில் கத்தினதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான். முந்நூறு பேர் முன்னால் கத்தின வாய்க்கு ஏழு பேர் முன்னால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஃபாதர் எல்லோரையும் பார்த்தார். சாவிகள் வேறு ஆளுக்குப் போகட்டும், விளக்கு கோயில்பிள்ளையிடமே இருக்கட்டும், ஏற்றும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றார். "யாரு நிக்கிறது?" என்று செக்கர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

புதுக் கிண்ணம் நான்தான் வாங்கி மாட்டினேன். தினமும் காலையில் மச்சானைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வழியில் பார்க்கிறவர்கள், "எவ்வளவு நல்ல மச்சினன்" என்கிறார்கள். அதைவிட நாலு அறை விட்டிருந்தால் தேவலை. அவருக்கு என் முகம் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருக்கிறது. அப்படி வசதியாக இருக்கிறதே என்பது வேறு அவமானம். ஒரு மாதம் அப்படியே போனது. தேவைக்கு மட்டும் பேசினேன்.

ஒருநாள் எண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"தலையைத் தூக்கு மாப்ளே."

"தூக்கித்தான் இருக்கேன்."

"இல்ல. ஒரு மாசமா உன் பேச்சு தரையில இருந்துதான் வருது."

"மச்சான், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை. என் கையைத் தேடிப் பிடித்தார். ஒயர் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அதைச் சுடருக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடமாக விளக்கு மாட்டுகிறவன், விளக்கில் இப்படிக் கையை வைத்துப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காய்ப்பைத் தாண்டிச் சூடு ஏறியது.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுது. என்னை மன்னிச்சுருங்க மச்சான்."

"அதை அவருக்கிட்டயும் சொல்லு. கோயிலுக்குள்ள கத்துனது நீ" என்றார். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தார். "இழு. பாத்து மெதுவா இழு. போன தடவை மாதிரி உடைச்சுறாத."

மெதுவாகத்தான் இழுத்தேன்.