பல்கீஸ் பீவி பங்குக்கு வந்த உலகம்

தேங்காய்ப்பட்டணத்துக் கொப்பரை வியாபாரி அசன் கண்ணு 1926இல் மௌத்தானபோது, தோப்பு, கடை, வீடு இவற்றோடு ஒரு பெரிய புத்தகத்தையும் விட்டுப் போனார். இலங்கையில் காலித் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோனவர், அங்கே ஒரு டச்சுக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்தது. தோல் அட்டை, பித்தளைக் கொளுத்து, உள்ளே முழுக்க உலகப் படங்கள். முதல் தாள் இல்லை. அதனால் யார் அச்சிட்டது, எந்த வருஷம் என்பது யாருக்கும் தெரியாது.

புருஷனை இழந்து வாப்பா வீட்டுக்கே திரும்பியிருந்த மகள் பல்கீஸ் பீவிதான் அதற்கு வசம்புப் பொடி தூவி, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

பாகம் பிரிக்கையில் மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. புத்தகத்தில் வந்து நின்றது. மூத்தவர் மீரா முகைதீன் ஒரு வழி சொன்னார்.

“நடுவுல வெட்டிரலாம். முன்பாதி எனக்கு, பின்பாதி தம்பி சலாஹுதீனுக்கு. ஒனக்குள்ள பங்குக்கு அட்டையும் கொளுத்தும் எடுத்துக்கோ மக்கா.”

“உலகத்துக்கு அட்டைய மட்டும் வச்சு நான் என்ன செய்ய காக்கா? வெலை தெரியாம வெட்டப்பிடாது” என்றாள் பல்கீஸ் அண்ணனிடம்.

விலை தெரிந்துகொள்ள நாகர்கோவிலிலிருந்து பூகோள வாத்தியார் யூஜினை வரவழைத்தார்கள். அவர் பள்ளிக்கூடத்துப் படப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். பழையதில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்குக் கரையே இல்லை. கலிபோர்னியா தனித்தீவாகக் கடலில் கிடந்தது.

“நெறைய தப்பு இருக்கு. கிழக்குக் கரைய வெள்ளக்காரன் பாக்கதுக்கு முன்ன வரஞ்சிருக்கான். நூத்தம்பது வருசத்துக்கு மேல இருக்கும்” என்றார்.

“தப்பா வரஞ்சதுக்கு எவன் சார் துட்டு தருவான்?” என்று கேட்டான் இளையவன் சலாஹுதீன்.

“தப்புக்குத்தான் தருவான்.”

புத்தகத்தின் இந்தியப் படத்தில் தேங்காய்ப்பட்டணம் இருந்தது. கோட்டாறு இருந்தது. நாகர்கோவில் இல்லை. யூஜின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார். பிறகு பலாப்பழம் தின்றுவிட்டுப் போனார்.

அவர் சொல்லித்தான் கொச்சியில் பழைய சாமான் கடை வைத்திருந்த முத்துநாயகம் வந்தார். குளச்சல்காரர். புத்தகத்தை வாசிக்கவில்லை, தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பச்சை பூசிய இடங்களில் மறுபக்கம் காய்ந்த புகையிலை நிறத்தில் அரித்திருந்தது. “பழைய செம்புக் களிம்புப் பச்ச. வர்ணம் அச்சடிச்சப்பமே பூசினது. நல்லது” என்றார்.

அரபு தேசம் வரவேண்டிய இடத்தில் விரலை நிறுத்தினார்.

“இங்க ஒரு தாள இப்பத்தான் அறுத்திருக்காங்க. விளிம்பு வெள்ளையா இருக்கு.”

சலாஹுதீன் எழுந்து தன் வீட்டுக்குப் போய், கண்ணாடிச் சட்டம் போட்ட அரபு தேசத்தோடு திரும்பி வந்தான். “எப்பிடியும் வெட்டத்தானே போறோம்னு நெனச்சேன். மக்கா மதீனா இருக்குல்லா, அதான்” என்றான். சட்டத்தில் அடங்குவதற்காக நாலு ஓரத்தையும் நறுக்கியிருந்தான். செங்கடல் பாதிதான் மிஞ்சியிருந்தது.

அச்சிட்டவன் பெயர் இல்லை, ஒரு தாள் நறுக்கியது என்பதால் எழுபது ரூபாய்க்குமேல் பெறாது என்றார் முத்துநாயகம். அந்த விலைக்கும் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தம்பி இருவருக்கும் உலகத்தின் மேல் இருந்த ஆசை அன்றோடு போயிற்று. பல்கீஸ் தன் பங்கில் எழுபதைக் கழித்துக்கொண்டு புத்தகத்தை வைத்துக்கொண்டாள். “வாப்பாக்குப் பிடிச்ச சாதனம்” என்றாள். உண்மையில் அவளுக்குத்தான் பிடித்திருந்தது. கடலில் திமிங்கிலம் நீர் ஊதும் பக்கத்தை அடிக்கடி பார்ப்பாள்.

1933இல் முத்துநாயகம் தானாகவே வந்து நின்றார். முன்னறையில் அவரும் மீரா முகைதீனும். கதவுக்குப் பின்னால் பல்கீஸ்.

“தெரிஞ்ச ஒருத்தருக்கு வேணுமாம். நூறு ரூவா தாறேன்.”

மீரா முகைதீன் உள்ளே திரும்பி, “நூறு தாறாராம். குடுத்திரலாம்” என்றார்.

“வேண்டாம்னு போன ஆளு எதுக்குத் திரும்பி வந்தாருன்னு கேளுங்க காக்கா.”

கேட்கத் தேவையிருக்கவில்லை; குரல் தெளிவாகவே கேட்டது. முத்துநாயகம் உண்மையைச் சொன்னார். கொச்சியில் ஒரு வீட்டில் முதல் தாளோடு இதே மாதிரிப் புத்தகம் பார்த்தாராம். இதில் அன்று பார்த்ததுபோலவே அதிலும் இலங்கைக்குத் தெற்கே கடலில் முடிபோல ஒரு கீறல். அச்சடித்த செப்புத் தகட்டில் விழுந்த விரிசல் அது. இரண்டும் ஒரே தகட்டில் அடித்தவை. அச்சுக்காரர் ஆம்ஸ்டர்டாம்காரர், புத்தகத்துக்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல்.

“அப்ப இதுக்குப் பேரு கெடச்சாச்சு. ஆயிரம்னு சொல்லுங்க” என்றாள் பல்கீஸ்.

“தங்கச்சி அறுநூறு கேக்கா” என்று முத்துநாயகத்திடம் குறைத்துச் சொன்னார் மீரா முகைதீன்.

“ஆயிரம், காக்கா.”

எண்ணூற்றைம்பதில் முடிந்தது. நறுக்கிய தாளும் சேர்த்துத்தான். புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொடுக்குமுன் திமிங்கிலப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தாள். அன்று மத்தியானம் அவள் சோறு தின்னவில்லை.

அந்தப் பணத்தில் ஆற்றோரம் தேங்காய் மட்டை அழுக வைக்கும் தொண்டுக் குழிகளை வாங்கி, கயிறு திரிக்கப் பெண்களை அமர்த்தினாள். கயிறு கொழும்புவரை போயிற்று. அவள் தேங்காய்ப்பட்டணத்தைத் தாண்டவில்லை. திருவனந்தபுரத்துக்கு வரச்சொல்லி உறவுக்காரர்கள் அழைத்தபோதும், “அங்க பாக்க என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டுக் குழிக்குப் போய்விட்டாள்.